கனகாம்பர நட்சத்திரம்

மேடவாக்கத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு இருந்த தெற்கு வானத்தை ஓர் எட்டு மாடிக் கட்டடம் எடுத்துக்கொண்டது. நாங்கள் ஃப்ளாட் வாங்கியபோது அந்த இடத்தில் இரண்டு வேப்ப மரங்களும் தண்ணீர் லாரி நிறுத்தும் ஒரு கொட்டகையும்தான் இருந்தன. "அது கேஸ்ல இருக்கற எடம் மேடம், உங்க காலத்துல அங்க ஒண்ணும் வராது" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். கேஸ் முடிந்துவிட்டது, என் காலம் இன்னும் முடியவில்லை. இப்போது மாடிக்குப் போய்த் தெற்கே பார்த்தால் யாராவது ஒருவர் பால்கனியில் துணி காயப்போடுவதுதான் தெரியும்.

என் தோழிக்கு இந்த வம்பு இல்லை. அவள் வீடு முடிச்சூரில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. தெற்குப் பக்கம் வரிசையாகக் காலி மனைகள். எல்லைக்கல் நட்டு, கம்பி வேலி போட்டு, உள்ளே வேலிகாத்தான் மண்டிக் கிடக்கும் மனைகள். வெள்ளம் வந்த இடம் என்று பெயராகிவிட்டதால் யாரும் அங்கே செங்கல் இறக்கத் துணியவில்லை. அதனால் அவள் மாடியில் நின்றால், வண்டலூர்ப் பக்கத்து விளக்கு வெளிச்சத்துக்கு மேலே தெற்கு வானம் முழுசாகக் கிடைக்கும்.

அந்த ஃப்ளாட்டை முதலில் போய்ப் பார்த்தது நான்தான். "பள்ளமான எடம், மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாங்கினாள். வெள்ளம் வந்த வருடம் அவளும் அவள் கணவரும் ஒரு பையில் துணியோடு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நான் வேளாவேளைக்குச் சுடச்சுடச் சமைத்துப் போட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தினம் ஒரு தடவையாவது சொன்னேன். அவள், "ஆமாப்பா, நீ சொன்னே" என்று சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றிக்கொள்வாள். அந்தப் பத்து நாளும் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. அதே வெள்ளம் அவளுக்கு ஒரு வானத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகும் என்று அப்போது எனக்கு எங்கே தெரிந்தது.

எனக்குப் பொறாமை உண்டு. மற்றவர்கள் இதை ஆதங்கம் என்பார்கள், மனவருத்தம் என்பார்கள். என்னுடையது சுத்தமான பொறாமை. அதுவும் ஊரில் எல்லோர்மேலும் இல்லை, அவள் ஒருத்திமேல்தான். இருபத்தாறு வருடமாக நகரத்தில் ஒரே அலுவலகம், ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்து மேசை. தாம்பரத்தில் காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஆரம்பித்த பழக்கம். நான் அடித்துப் பிடித்து முதலில் ஏறுவேன். எப்படியோ ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு வராத ப்ரமோஷன் அவளுக்கு வந்ததுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த ஜன்னலோரம் வலித்தது.

நட்சத்திரம் பார்க்கும் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புத்தகம் வாங்கியது நான். வரைபடம் வாங்கியது நான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, கண் கூசாமல் வரைபடம் பார்க்க வழி செய்தது நான். பைனாகுலரும் என்னுடையது. எட்டு மாடி எழும்பி என் தெற்கை மறைத்த பிறகு, வேறு போக்கிடம் இல்லாமல் மே மாதச் சனிக்கிழமைகளில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி முடிச்சூர் போக ஆரம்பித்தேன். ஆறு மணிக்குப் போனால், அவள் கணவர் வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருப்பார். என் வீட்டுக்காரர் இந்த முப்பது வருடத்தில் அடுப்பைப் பற்ற வைத்ததே கிடையாது. பஜ்ஜி நன்றாகவே இருக்கும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

மே மாதத்தில் இருட்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெற்கே தாழ்வாகச் சிலுவை போல நான்கு நட்சத்திரங்கள் நிற்கும். அதற்கு இடப்பக்கம் இன்னும் பிரகாசமாக இரண்டு. சிலுவைக்கும் அந்த இரண்டுக்கும் நடுவே, வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், என் வரைபடம் ஒரு சிறு புள்ளியைக் காட்டியது. பெயர்கூடக் கிடையாது, பட்டியலில் ஓர் எண்தான். பக்கத்தில் 'ஆரஞ்சு நிறப் பெரும் விண்மீன்' என்று போட்டிருந்தது. சூரியனைவிடப் பல மடங்கு பெரியது, ரொம்பத் தொலைவில் இருப்பதால் மங்கல் என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

"பெரும் விண்மீனா? கடுகு மாதிரி கீது" என்றாள் அவள்.

அவள் பூர்வீகம் தாம்பரத்தை ஒட்டிய ஒரு கிராமம்தான். நாங்கள் எல்லாம் பிழைக்க வந்து குடியேறியவர்கள். இந்த ஊர்ப் பேச்சு அவள் வாயில் தானாக வரும். அதையும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மங்கலா கீதுப்பா. இந்தச் சக்கரத்தைத் திருவலாமா?"

"தொடாதே" என்றேன். "என் கண்ணுக்கு செட் பண்ணி வெச்சிருக்கேன். அதைத் தொட்டா அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஃபோகஸ் சக்கரத்தைத் திருகினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அடுத்தவர் இரண்டு நொடியில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் என் பொருளில் ஒரு பகுதியாவது என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் சரி என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சக்கரத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோனதே இல்லை.

பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏய், கலர் தெர்து!" என்றாள். "வெள்ளிக்கிழம ஆனா நீ தலையில வெச்சிக்கினு வருவியே, கனகாம்பரம், அந்தக் கலர். மத்ததெல்லாம் வெள்ளை. இது மட்டும் கனகாம்பரம். நீ பாரு, தெர்தா?"

நான் வாங்கிப் பார்த்தேன். சக்கரத்தை முன்னும் பின்னும் திருகி, ஊசி முனை போலக் கூர்மையாக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. மற்ற எல்லாப் புள்ளிகளையும் போல வெள்ளையாக, உப்புக்கல் மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வெள்ளைதான்.

"தெர்தா?" என்று மறுபடி கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.

நம் மொழியில் இது ஒரு வசதியான சொல். கண்ணுக்குத் தெரிவதும் தெரிவதுதான், புத்தியில் தெரிவதும் தெரிவதுதான். அது ஆரஞ்சு என்று புத்தகம் எனக்குச் சொல்லியிருந்தது. ஆகவே எனக்குத் தெரியும். ஆகவே நான் சொன்னது பொய்யில்லை என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். தாம்பரம் வருவதற்குள் அந்த வாதம் தோற்றுவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. புத்தகம் படித்தவள் நான், பஸ் மாறி மாறிப் போகிறவள் நான், நிறம் மட்டும் அவளுக்குத் தெரிகிறது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் அந்த நட்சத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அது நடந்தது அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். எங்கள் பிரிவில் ஒருவர் தன் மகளுக்கு வரன் பார்க்கிறார். ஜாதகப் பேச்சு வந்தது. அவரவர் நட்சத்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது கேட்டை என்றேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை. கேட்டை என்றால் அப்படித்தான். விருச்சிகத்தில் செக்கச்செவேலென்று, வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் அது. வானத்தில் இருக்கும் அழகு ஜாதகத்தில் செல்லாது. கேட்டைப் பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று எனக்கு மூன்று வரன்கள் தட்டிப் போயின. கடைசியில் அண்ணன் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தார்கள்.

அந்த அமைதியை உடைத்தவள் அவள்தான். "எனக்கு இன்னான்னு கேக்கமாட்டீங்களா?" என்றாள். "எங்கள்ல நட்சத்திரமே கெடையாது. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போனா எல்லாரும் ஒண்ணுதான். ஆனா நான் ஒண்ணு புடிச்சி வெச்சிருக்கேன். சிலுவைக்குப் பக்கத்துல, கனகாம்பரக் கலர்ல. யாருக்கும் இல்லாத நட்சத்திரம், யாருக்கும் ஆகாம போவாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து அது அவள் நட்சத்திரமாகிவிட்டது. எங்கள் பிரிவில் யாராவது, "என்ன மேடம், உங்க நட்சத்திரம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "சனிக்கிழம பாத்தேன், நல்லாகீது" என்பாள். வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த நானோ பக்கத்து மேசையிலிருந்து எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவக் கிளம்புவேன்.

இப்படியே ஏழு கோடை போயிற்று. வானத்தில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது, வேறு எங்கெங்கோ திருப்புவோம். ஆனால் கிளம்புவதற்கு முன் அவள் அதைப் பார்க்காமல் விடமாட்டாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். "தெர்தா?" "தெரியுது." போகப் போக, நான் பைனாகுலரைக் கண்ணில் சரியாக வைப்பதற்குள்ளேயே அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்துவிடும். சில சனிக்கிழமைகளில் அவள் கீழே தண்ணீர் எடுக்கப் போகும் நேரம் பார்த்து, யாருமில்லாத மாடியில் நான் தனியாக அதைத் தேடுவேன். சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி, இன்னும் கூர்மை, இன்னும் கூர்மை என்று பார்ப்பேன். எவ்வளவு கூர்மையாக்கினேனோ அவ்வளவு வெள்ளையாக இருந்தது. தென்கிழக்கில் என் கேட்டை, யாரும் கேட்காமலே சிவந்து எழும்பிக்கொண்டிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

போன வருடம் அவளுக்குக் கண் தகராறு ஆரம்பித்தது. கோப்பில் எழுத்து கலங்குகிறது என்றாள். தெருவிளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றாள். டாக்டரிடம் போனால், இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலது, சில மாதம் கழித்து இடது என்று சொல்லிவிட்டார். அதை அவள் என்னிடம் ரயிலில்தான் சொன்னாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏம்பா, ஆபரேஷனுக்கு அப்பறம் அது தெரியுமா?"

எது என்று நான் கேட்கவில்லை. "இன்னும் நல்லாவே தெரியும். புது லென்ஸ் வெக்கறாங்க. புதுக் கண்ணு மாதிரி" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே பக்கென்றது. இன்னும் நல்லாவே தெரியும். இருக்கிற கண்ணுக்கே அவளுக்கு அவ்வளவு தெரிகிறது, இனி புதுக் கண் வேறு. புரை வந்து ஆபரேஷனுக்குப் போகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பல்லாவரம் தாண்டும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அவள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யலாம் என்று. அவளுக்குத் தெரிந்தால் சிரிப்பாள், தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு?" என்றார். சொன்னேன். பைபிள் பேரைக் கேட்டதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம் தெரியுமா?"

அவளுக்கு ஒரு நட்சத்திரம் இருக்கிறது, அது அவருடைய இருபத்தேழில் சேராது. சிலுவைக்கும் அந்த இரண்டுக்கும் நடுவில் என்று சொன்னால் என்ன நினைப்பார். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். "கேட்டை" என்றேன், "விருச்சிக ராசி." குருக்கள் உள்ளே போய், அவள் பேரையும் என் நட்சத்திரத்தையும் சேர்த்து மந்திரம் சொன்னார். விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. மூன்று வரன்கள் வேண்டாம் என்ற நட்சத்திரத்தை நாளைக்குக் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவள் தலையில் கட்டிவிட்டேனே என்று, வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

வலது கண் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். அவள் கணவர் மருந்து வாங்கப் போன நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவள் என் தலையைப் பார்த்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

"உன் கனகாம்பரத்தைப் பாத்தா அப்போல்லாம் எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா?" என்றாள். "எங்க சபையில பூ வெக்கமாட்டாங்க. ரயில்ல உன் பக்கத்துல உக்காந்துகினு அதையே பாத்துகினு வருவேன்."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. ஒரு முழம் பூவுக்குப் பட்டது ஒரு பொறாமையா என்றுதான் தோன்றியது. ஆனாலும் பூவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டேன், அவளுக்குத் தெரியும்படி.

இந்த வருட மே மாதத்தில் நாலு வாரம் அவள் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தாள். டாக்டர் எல்லாம் சரி என்று சொன்ன பிறகு, கடைசிச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். பைனாகுலர் போன வருடத்திலிருந்தே அவள் வீட்டில்தான் இருந்தது. நான் போய்ச் சேரும்போது எட்டு மணி. அவள் கணவர் பஜ்ஜி போட்டிருக்கவில்லை. "மேல இருக்கா. சாயந்தரத்துலேர்ந்து மூஞ்சி சரியில்ல" என்றார்.

மாடியில் தெற்குக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பைனாகுலர் மடியில் கிடந்தது. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெக்கை குறையவில்லை, தரை இன்னும் காலைச் சுட்டது. சிலுவை நேராக நின்றுகொண்டிருந்தது.

"நான் சக்கரத்தைத் திருவிட்டேன். கோச்சிக்காதே" என்றாள், நான் உட்காருவதற்கு முன்னால். "இவ்ளோ வருஷத்துல ஒருதரம்கூடத் தொட்டதில்ல. புதுக் கண்ணாச்சேன்னு இன்னிக்குத் திருவிப் பாத்தேன். ஊசி குத்தின மாதிரி அவ்ளோ நல்லா தெர்து எல்லாம்."

"அப்பறம் என்ன?"

"வெள்ளை" என்றாள். "மத்ததெல்லாம் எப்டி கீதோ அதே மாதிரி வெள்ளை. கனகாம்பரம் இல்ல."

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"வலது கண்ணை மூடிகினு எடது கண்ணால பாத்தா வூட்டுச் சுவரே மஞ்சளா கீது. வேட்டி மஞ்சளா கீது. பாலு மஞ்சளா கீது. புரை இருந்தா அப்டித்தான் தெரியும்னு டாக்டரே சொன்னாரு. அப்போ இத்தினி வருஷம் நான் பாத்தது நட்சத்திரத்தை இல்ல, என் கண்ணு அழுக்கை. ஆபீஸ் ஃபுல்லா சொல்லிகினு திரிஞ்சேன், என் நட்சத்திரம் என் நட்சத்திரம்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான் புரை இல்லியே. நீயும்தானே பாத்தே. உனக்கும் கனகாம்பரம்தானே தெரிஞ்சுது? நீ சொன்னா போதும். பாத்து சொல்லுப்பா."

ஏழு வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான். அவளுக்குத் தெரியாமல் போக வேண்டும், என் கண்ணை நம்பி அவள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டாள். எனக்கு அங்கேயிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் பார்த்தது அழுக்குதான் என்று நானே முத்திரை குத்தியது போலாகும். பொய் சொன்னால் எட்டாவது வருடமும் பொய். பொய்யே மேல் என்று முடிவு செய்தேன். சட்டென்று கண்ணில் வைத்து, சட்டென்று தெரியுது என்று சொல்லிவிட்டு, கீழே போய்விட வேண்டும். அந்த அவசரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சக்கரத்தைத் திருகாமல் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

அவள் கண்ணுக்குச் சரியாக வைத்திருந்தது எனக்கு மங்கலாக இருந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் சிறு சிறு பொட்டாக உப்பியிருந்தன. சிலுவை நான்கு வெள்ளைப் பொட்டு. அங்கிருந்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினேன்.

ஒரு பொட்டு மட்டும் கனகாம்பரம்.

இலேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். காலையில் தொடுத்து, மாலையில் கொஞ்சம் வாடிய கனகாம்பரம். அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க மனசு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"தெரியலியா?"

"தெரியுது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

அவள் மெதுவாக, "கண்ணுல வெக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவே, தெரியுது தெரியுதுன்னு" என்றாள். "இன்னிக்குத்தான் பாத்துட்டு சொல்றே."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ. முகத்தில் அறைந்தது போல இருந்தது, ஆனாலும் பைனாகுலரைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும். என் விரல் தானாகச் சக்கரத்துக்குப் போயிற்று. ஒரு சிறு திருகு. பொட்டு சுருங்கிப் புள்ளியானது, புள்ளி வெள்ளையானது. திருப்பித் திருகினேன். பொட்டு, கனகாம்பரம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவ்வளவு மங்கல் நட்சத்திரத்தின் நிறம் கூர்மையில் நிற்காது. கொஞ்சம் கலங்கலாக விரிந்தால்தான் கண்ணுக்கு எட்டும். நான் ஏழு வருடம் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி அதைத் தொலைத்திருக்கிறேன். அவள் ஏழு வருடம் கலங்கலாகவே பார்த்து அதை வைத்திருந்திருக்கிறாள். சக்கரத்தைத் தொடாதே என்று சொல்லி அந்தக் கலங்கலை அவளுக்குக் கொடுத்தது நான்.

அவள் பார்த்தது அழுக்கு இல்லை. இன்றைக்கு அவள் முதல் தடவையாகச் சக்கரத்தைத் தொட்டாள், தொலைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"குடு, இன்னொரு தரம் பாக்கறேன்" என்று கை நீட்டினாள்.

உடனே கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. "இரு" என்றேன். அந்த நிமிடம் அந்த நிறம் உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவள் வைத்த இடத்தில் சக்கரத்தை அப்படியே விட்டு நீட்டினால் போதும், அவளுக்கு அது வெள்ளைதான், என்றைக்கும் வெள்ளைதான். அவளாகக் கண்டுபிடிக்கவே மாட்டாள், ஏனென்றால் திரும்ப நான் தொடாதே என்று சொன்னால் தொடமாட்டாள். என் விரல் சக்கரத்தின்மேல் இருந்தது. ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்து போய், அதன் சத்தம் முழுசாக அடங்கும்வரை அது அங்கேயே இருந்தது.

பிறகு அவள் வைத்த இடத்திலிருந்து சக்கரத்தை நன்றாகத் திருகிவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"இன்னாப்பா இது, ஒரே மங்கலா கீது."

"மங்கலாவே பாரு" என்றேன். "சரி பண்ணாதே. அப்படியே பாரு."

இடது கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, புதுக் கண்ணால் தேடினாள். சிலுவையைப் பிடித்தாள். இடப்பக்கம் போனாள். நின்றாள். அவள் தோள் மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன்.

"கனகாம்பரம்" என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு, "முன்ன பாத்ததவிட நல்லாகீதுப்பா. எவ்ளோ கலர்!"

எட்டு நாற்பது பஸ்ஸும் போய்விட்டது, ஒன்பது மணி பஸ்ஸும் போய்விட்டது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பைனாகுலரை அவள் திருப்பியே தரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.